புது மோட்டார், புது பேட்டரி, வண்டி மட்டும் ஓடவில்லை: ரிமோட் காருக்கு அறிகுறி வாரியாக வைத்தியம்

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தின் ஓரத்தில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால், எப்படியும் யாராவது ஒருவர் தன் காரைக் கையில் தூக்கிக்கொண்டு வருவார். கதை பெரும்பாலும் ஒன்றுதான். காரோடு வந்த மோட்டாரைக் கழற்றிவிட்டு வேகமான மோட்டார் போட்டிருப்பார். அல்லது நிக்கல் பேட்டரியை விட்டு லித்தியம் பாலிமர் பேட்டரியான லிப்போவுக்கு மாறியிருப்பார். முதல் நாள் பறந்திருக்கும், இரண்டாம் நாள் படுத்திருக்கும். புதிதாக வாங்கிய சாமான் மோசம் என்ற முடிவோடுதான் வந்து நிற்பார்.

நான் பார்த்தவரையில் புதிதாக மாட்டிய பொருள் கெட்டிருப்பது குறைவு. அதன் பக்கத்தில் இருக்கும் பழைய பொருள்தான் புதுப் பாரத்தைத் தாங்காமல் போகிறது. பேட்டரியில் கிளம்பும் மின்சாரம் கனெக்டர் வழியாக, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கன்ட்ரோலருக்குப் போகிறது, அங்கிருந்து மோட்டாருக்கு. அப்புறம் மோட்டார் முனையில் இருக்கும் சின்னப் பற்சக்கரமான பினியன், அது சுற்றும் பெரிய ஸ்பர் கியர், கடைசியில் சக்கரம். இந்த வரிசையில் ஒன்றை மாற்றினால் அதற்கு முன்னும் பின்னும் இருப்பதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கையில் ஒரு மல்டிமீட்டர், ஒரு துண்டு நோட்டுத்தாள், வண்டியை அந்தரத்தில் நிறுத்த ஒரு கட்டை. இவை இருந்தால் போதும். சோதனை எதுவானாலும் சக்கரம் நான்கும் தரையைத் தொடக்கூடாது. பேட்டரி இணைத்த வண்டி மேசையிலிருந்து பாய்ந்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். முன் ஆக்ஸில் இரண்டாக உடைந்தது.

சில நிமிடம் ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி ஓடுகிறது

அதிகம் வருகிற புகார் இது. நின்ற உடனே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். முன்சக்கரம் திரும்புகிறது, மோட்டார் மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கன்ட்ரோலர்தான் வேண்டுமென்றே மோட்டாரை நிறுத்தியிருக்கிறது. அது நிறுத்த இரண்டு காரணம் உண்டு: பேட்டரியின் வோல்ட் குறைந்தது, அல்லது கன்ட்ரோலர் சூடேறியது.

முதலில் வோல்ட். இரண்டு செல் லிப்போ முழு சார்ஜில் 8.4 வோல்ட் காட்டும். ஓட்டி முடித்து, சற்று ஆறவிட்டு அளந்தால் 7.4 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா? அப்படியென்றால் சார்ஜ் உண்மையிலேயே தீர்ந்துவிட்டது, கன்ட்ரோலர் செய்தது சரி. ஆனால் நின்ற பிறகும் 7.8, 7.9 என்று காட்டினால் பேட்டரியில் சரக்கு இருக்கிறது, அது மோட்டார் வரை போய்ச் சேரவில்லை. ரிமோட்டின் வேக விசையான டிரிகரை அழுத்தும்போது மட்டும் வோல்ட் சரிகிறது. கன்ட்ரோலர் அதைப் பார்த்து பேட்டரி காலி என்று நினைத்துக்கொள்கிறது.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பையனின் வண்டி இதற்கு நல்ல உதாரணம். "அண்ணா, இந்த மோட்டார் டூப்ளிகேட்டு போல. பத்து நிமிஷம் ஓடுது, அப்புறம் படுத்துடுது" என்றான். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், இளஞ்சூடுதான். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவிலிருந்த கனெக்டரைத் தொட்டபோது விரலை எடுத்துவிட்டேன். பழைய தமியா வகை வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர். ஒரு ஓரம் பழுப்பேறி, மெழுகு உருகினாற்போல் சற்றே வளைந்திருந்தது. இழுத்துப் பிரித்தால் உள்ளேயிருந்த தகட்டுக் குழாய் ஒன்று கறுத்து, வாய் அகன்று, எதிர்முனையை ஒரு பக்கம் மட்டுமே தொட்டுக்கொண்டிருந்தது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். தளர்ந்த கனெக்டரின் தடை வெறும் 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியாக 30 ஆம்பியர் போனால் 0.6 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். சூடாக மாறுவது 18 வாட். வீட்டில் ஈயம் வைக்கிற சின்ன அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட ஒரு அயர்ன் முனையை அந்த பிளாஸ்டிக்குக்குள் வைத்து ஓட்டுவது போலத்தான். காரோடு வந்த மோட்டார் இழுத்த மின்சாரத்துக்கு அந்தக் கனெக்டர் போதுமாக இருந்தது. புது மோட்டாருக்குப் போதவில்லை.

மருந்து: அதிக மின்சாரம் தாங்கும் எக்ஸ்.டி.60 அல்லது டீன்ஸ் வகைக் கனெக்டருக்கு மாறுவது. பேட்டரி ஒயரை வெட்டும்போது ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஒயர். சிவப்பையும் கறுப்பையும் சேர்த்துக் கத்தரியில் வைத்தால் கத்தரி வழியாகவே ஷார்ட் ஆகிவிடும். சிவப்பை வெட்டி, ஈயம் வைத்து, டியூப் போட்டு மூடிய பிறகுதான் கறுப்பைத் தொட வேண்டும். தடித்த ஒயருக்கு 25 வாட் அயர்ன் பத்தாது, 60 வாட் வேண்டும். ஈயம் வைக்கும்போது எதிர்ப்பக்கக் கனெக்டரைச் சொருகி வைத்தால் பிளாஸ்டிக் உருகினாலும் பின் நேராக நிற்கும். ஆனால் அந்த எதிர்ப்பக்கம் எதிலும் இணைந்திருக்கக் கூடாது. ஆறிய ஈயம் பளபளவென்று ஒயருக்குள் ஊறியிருக்க வேண்டும். மங்கலாக உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் அது ஒட்டவில்லை, மறுபடி சூடாக்குங்கள்.

அந்தப் பையன் கனெக்டரை மட்டும் மாற்றினான். அதே மோட்டார் இன்றும் ஓடுகிறது.

கனெக்டர் சரியாக இருந்தும் வண்டி சீக்கிரம் நிற்கிறதா? கன்ட்ரோலரின் பேட்டரி அமைப்பைப் பாருங்கள். பிரஷ் மோட்டாருக்கான (உள்ளே கரித்துண்டு உரசி மின்சாரம் கொடுக்கும் வகை) விலை குறைந்த கன்ட்ரோலர்களில் லிப்போவா நிக்கலா என்று சொல்ல, இடம் மாற்றிச் சொருகும் ஒரு சின்ன ஜம்பர் இருக்கும். நிக்கல் பேட்டரியைப் போட்டு ஜம்பரை லிப்போவில் விட்டால் வண்டி சீக்கிரம் நிற்கும். அதனால் பேட்டரிக்குக் கெடுதல் இல்லை. மாற்றி விட்டால்தான் ஆபத்து. லிப்போவைப் போட்டு ஜம்பரை நிக்கலில் விட்டால் வண்டி நிற்கவே நிற்காது, சந்தோஷமாக ஓடும், செல் ஒவ்வொன்றும் 3 வோல்ட்டுக்குக் கீழே போய் பேட்டரி செத்துவிடும். லிப்போவுக்கு மாறுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஜம்பரைத்தான்.

இரண்டாவது காரணமான சூடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் தார் ரோட்டில் மதியம் ஓட்டினால் எந்தக் கன்ட்ரோலரும் திணறும். அதன் மேலுள்ள ஃபேன் சுற்றுகிறதா, இறக்கைக்குள் மண் சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கன்ட்ரோலரின் பெட்டியில் போட்டிருக்கும் மோட்டார் வரம்பைப் படியுங்கள். பிரஷ் மோட்டாருக்குள் கம்பி சுற்றியிருக்கும் சுற்று எண்ணிக்கை குறையக் குறைய மின்சாரம் அதிகம் இழுக்கும். 27 சுற்று மோட்டாருக்கு என்று காரோடு வந்த கன்ட்ரோலரில் 13 சுற்று மோட்டாரை மாட்டினால் அது சூடாகி நிற்பது நியாயம்தான்.

மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை

ஓட்டி முடித்ததும் மோட்டார் உறையில் மூன்று விநாடி விரலை வைத்திருக்க முடிகிறதா? முடிந்தால் கவலை வேண்டாம். முடியவில்லை என்றால் 60 டிகிரியைத் தாண்டியிருக்கும். பிரஷ் இல்லாத, மூன்று ஒயர் வகையான பிரஷ்லெஸ் மோட்டாருக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தத்தின் சாதாரண ரகம் 80 டிகிரி வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் காந்தசக்தி குறையும், ஆறினாலும் முழுதாகத் திரும்பாது. ஒருமுறை நன்றாகக் காய்ந்த மோட்டார் அதற்கப்புறம் எப்போதும் சற்று சீக்கிரமாகவே சூடேறுவது இதனால்தான். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானி இதற்கு உதவாது, அது உடம்புச் சூட்டுக்கு மேல் எண் காட்டாது. தொழிற்சாலை வேலைக்கு வருகிற இன்ஃப்ராரெட் வெப்பமானி வேண்டும்.

பத்தில் எட்டு தடவை காரணம் பினியன். பழைய மோட்டாருக்கு இருந்த பினியனையே, அல்லது இன்னும் வேகம் வேண்டும் என்று அதைவிடப் பெரிதை, புது மோட்டாரில் போட்டிருப்பார்கள். பிரஷ்லெஸ் மோட்டாரின் கே.வி. எண் என்பது பாரமில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதுதான். 3300 கே.வி. மோட்டார் 7.4 வோல்ட்டில் நிமிடத்துக்கு சுமார் 24,400 சுற்று சுற்றும். அதே மோட்டாருக்கு மூன்று செல் பேட்டரி கொடுத்தால் 36,600. சுற்று ஒன்றரை மடங்காகும்போது பினியனைக் குறைக்காமல் விட்டால், வண்டியை எப்போதும் டாப் கியரில் வைத்துக் கிளப்புகிற மாதிரி. மோட்டார் தன் வேகத்தை எட்டுவதற்குள் திணறி, மின்சாரத்தை எல்லாம் சூடாக மாற்றும்.

ஸ்பர் 70 பல், பினியன் 22 பல் என்றால் விகிதம் 3.18. பினியனை 20 ஆக்கினால் 3.5. இரண்டே பல்லுக்கு விகிதம் பத்து சதவீதம் கூடி, மோட்டாருக்குப் பாரம் குறைகிறது. ஒவ்வொரு தடவையும் ஒன்றிரண்டு பல் மட்டும் குறைத்து, ஐந்து நிமிடம் ஓட்டி, தொட்டுப் பாருங்கள். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் கிளம்பும் பாய்ச்சல் கூடும். மைதானத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் தேவை என்பது என் கருத்து. உச்ச வேகத்தை எட்ட நமக்கு எங்கே அவ்வளவு நீள ரோடு இருக்கிறது?

ஓட்டும் தரையும் கணக்கில் வர வேண்டும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை போக்குவரத்தை நிறுத்திய பிறகு வழவழ ரோட்டில் குளிர்ச்சியாக ஓடும் அதே கார், தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணலில் ஐந்தே நிமிடத்தில் கொதிக்கும். ஈர மணல் பரவாயில்லை, காய்ந்த மணல் சக்கரத்தை விடாது. மணலுக்குப் போகும் நாளில் இன்னும் இரண்டு பல் சிறிய பினியன்.

பினியன் சரிதான், ரோடும் சரிதான், இன்னும் சூடா? மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டு சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். ஒரு தட்டுக்கு நாலைந்து சுற்று தாராளமாகச் சுற்ற வேண்டும். பாதியில் நின்றால் பேரிங்கில் துருவோ மணலோ இருக்கிறது. சில கார்களில் பேரிங்கே இருக்காது, வெறும் பிளாஸ்டிக் வளையமான புஷ்தான் இருக்கும். வேகமான மோட்டார் போடுவதற்கு முன்பே அவற்றை பால் பேரிங்காக மாற்றிவிட வேண்டும். புஷ் உருகி ஆக்ஸிலோடு ஒட்டிக்கொண்ட வண்டிகளை இந்தக் கையால் பிரித்திருக்கிறேன்.

கிரீச்சென்ற சத்தம், அல்லது மோட்டார் சுற்றியும் வண்டி நகரவில்லை

ஸ்பர் கியரைத் திறந்து பாருங்கள். ஒரே இடத்தில் நாலைந்து பல் மழுங்கிப் பள்ளமாக இருந்தால் பினியன் தள்ளி நின்று சறுக்கியிருக்கிறது. எல்லாப் பல்லும் சமமாகத் தேய்ந்து, அடியில் வெள்ளை மாவு கொட்டியிருந்தால் இரண்டும் நெருக்கி மோதியிருக்கின்றன, அல்லது இரண்டின் பல் அளவும் வேறு.

பல் அளவில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 48 பிட்ச் பினியனும் 0.6 மாட்யூல் பினியனும் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும், கையில் சுற்றினால் ஒன்றோடொன்று ஓடவும் செய்யும். ஆனால் 48 பிட்ச் என்பது சுமார் 0.53 மாட்யூல். பல்லுக்குப் பல் இடைவெளி பொருந்தாது, வேகம் வந்ததும் அரைக்கும். வாங்கும்போது பினியன் மேல் பொறித்திருப்பதைப் படித்து, ஸ்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இடைவெளி வைக்க நோட்டுத்தாள் போதும். மெல்லிய பட்டையாகக் கிழித்து பினியனுக்கும் ஸ்பருக்கும் நடுவில் சொருகி, மோட்டாரை ஸ்பர் பக்கம் நன்றாகத் தள்ளி, அப்படியே பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை முறுக்குங்கள். பிறகு ஸ்பரைக் கையால் சுற்றினால் தாள் வெளியே வரும். அதில் பல்லின் தடம் ஏணிப்படி போல் வரிசையாக மடிந்திருக்க வேண்டும், கிழிந்திருக்கக் கூடாது. தாளை எடுத்த பிறகு ஸ்பரை லேசாக ஆட்டினால் மயிரிழை அசைவு தெரிய வேண்டும். ஸ்பரை முழுச் சுற்று சுற்றி நாலு இடத்தில் இதைப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்பர் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், இறுக்கமான இடத்தை வைத்துத்தான் தூரத்தை முடிவு செய்ய வேண்டும்.

பல் எல்லாம் நன்றாக இருந்தும் வண்டி நகரவில்லை என்றால் பினியனின் குட்டி ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். மோட்டார் முனையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், ஸ்க்ரூ அந்தத் தட்டையில்தான் உட்கார வேண்டும். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் நீல நிற திரெட் லாக் பசை ஒரு துளி.

கிளம்பும்போது உதறுகிறது

டிரிகரை மெதுவாக அழுத்தினால் வண்டி வலிப்பு வந்ததுபோல் துடித்து, வேகம் வந்த பிறகு ஒழுங்காக ஓடுகிறதா? காந்தத்தின் நிலையைச் சொல்லும் சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டாருக்கு ஓரளவு இது சுபாவம். நின்றிருக்கும்போது உள்ளே காந்தம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குத் தெரியாது, சுற்ற ஆரம்பித்த பிறகுதான் தெரியும். பினியனைக் குறைத்தாலே பாதி சரியாகும். மீதி பெரும்பாலும் மூன்று ஒயரில் ஒன்று தளர்ந்திருப்பதால் வருவது. ஒயர் நுனியில் உள்ள குண்டு வடிவக் கனெக்டர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், எளிதாகக் கழன்று வருவதுதான் குற்றவாளி.

மோட்டாரே கெட்டதா என்று தெரிந்துகொள்ளவும் ஒரு வழி உண்டு. மூன்று ஒயரையும் கன்ட்ரோலரிலிருந்து கழற்றுங்கள். இரண்டை மட்டும் ஒன்றோடொன்று தொடவைத்து மோட்டார் முனையை விரலால் சுற்றினால் தேனில் சுற்றுவதுபோல் கனமாக இருக்கும். மூன்று ஜோடியையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கனம் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஜோடி மட்டும் லேசாக இருந்தால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. எந்த ஒயரையும் தொடவைக்காமலே கனமாகச் சுற்றினால் உள்ளே ஷார்ட், அல்லது பேரிங் போயிருக்கிறது.

சென்சார் மோட்டார் உதறினால் அந்த மெல்லிய சென்சார் கேபிளை மாற்றிப் பாருங்கள். அநேகமாக அதுதான்.

முன்னால் அழுத்தினால் பின்னால் போகிறது

பிரஷ்லெஸ் என்றால் மூன்று ஒயரில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள். சென்சார் கேபிள் இருந்தால் மட்டும் ஒயரைத் தொடாதீர்கள், ஏ-வுக்கு ஏ, பி-க்கு பி என்றே இருக்க வேண்டும். கன்ட்ரோலர் அமைப்பில்தான் திசையை மாற்ற வேண்டும். பிரஷ் மோட்டாரில் இரண்டு ஒயரை மாற்றினால் போதும்.

வேகம் எடுத்தால் ஸ்டியரிங் ஆடுகிறது, ரிமோட் துண்டிக்கிறது

மோட்டார் திடீரென்று மின்சாரத்தை உறிஞ்சும்போது, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவருக்கும், ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கும் கன்ட்ரோலர் கொடுக்கும் சின்ன வோல்ட் விழுந்துவிடுகிறது. ரிசீவர் ஒரு கணம் அணைந்து எரிகிறது. ரிசீவரின் விளக்கைப் பார்த்துக்கொண்டே டிரிகரை அழுத்தினால் கண்ணிலேயே பிடித்துவிடலாம். காலியாக இருக்கும் சேனலில் ரிசீவருக்கென்று விற்கும் கெப்பாசிட்டரைச் சொருகுங்கள். அதன் கறுப்பு ஒயர் ரிசீவரின் கறுப்பு வரிசையில் இருக்க வேண்டும். பலமான சர்வோவும் மாற்றியிருந்தால் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் தனியாக வோல்ட் கொடுக்கும் பி.இ.சி. வாங்குவதுதான் நிரந்தரத் தீர்வு.

பிரஷ் மோட்டாராக இருந்து விளக்கு அணையவே இல்லை என்றால் பிரஷ்ஷில் பறக்கும் பொறியின் இரைச்சல்தான் காரணம். புது மோட்டாரில் 104 என்று போட்ட சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றனவா? இரண்டு முனைக்கும் நடுவில் ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் உறைக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று. இல்லையென்றால் வைத்துவிடுங்கள், சில ரூபாய்க்குள் முடிகிற வேலை.

பேட்டரி உப்பியிருக்கிறது, அல்லது சார்ஜர் ஏற்க மறுக்கிறது

இதை மட்டும் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உப்பிய லிப்போவை ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. அதை இனி ஓட்டவோ சார்ஜ் போடவோ கூடாது. மொட்டை மாடியிலோ வாசலிலோ, எரியும் பொருள் பக்கத்தில் இல்லாத இடத்தில், மணல் நிறைந்த மண்சட்டியில் வைத்துவிட்டு, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். குப்பை வண்டியில் போட்டால் அந்த வண்டியும் அதை ஓட்டுகிறவரும் ஆபத்தில் இருக்கிறார்கள்.

உப்பவில்லை, ஆனால் சார்ஜர் பிழை காட்டுகிறது என்றால், செல்லுக்குச் செல் பிரிந்து வரும் மெல்லிய பேலன்ஸ் ஒயரில் ஒவ்வொன்றையும் தனியாக அளங்கள். இரண்டும் 3.7 பக்கத்தில் இருந்தால் கனெக்டரில்தான் கோளாறு. ஒன்று 3.8, மற்றொன்று 2.5 என்று காட்டினால் பேட்டரி முடிந்தது. அந்த செல்லை மட்டும் நிக்கல் சார்ஜரில் போட்டு எழுப்பிவிடலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம். நிக்கல் சார்ஜருக்கு 4.2 வோல்ட்டில் நிற்கத் தெரியாது.

சார்ஜ் வேகம் பேட்டரியின் கொள்ளளவுக்குச் சமம்: 5000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரிக்கு 5 ஆம்பியர். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கப் போகக்கூடாது, கடைக்குக்கூடப் போகக்கூடாது. வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் டிக்கியில் வைக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் மழை என்று வாரக்கணக்கில் வண்டியை எடுக்க முடியாது. அப்போது முழு சார்ஜில் விட்டுவைப்பதுதான் பேட்டரி உப்ப முதல் காரணம். சார்ஜரில் ஸ்டோரேஜ் என்ற தேர்வில் போட்டு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திவையுங்கள்.

புதிதாக வாங்குவதானால் மேலே போட்டிருக்கும், கொள்ளளவைப் போல் எத்தனை மடங்கு ஆம்பியர் தரும் என்று சொல்லும் சி எண்ணை நம்பி மட்டும் வாங்காதீர்கள். 5000 மில்லி ஆம்பியர் மணி, 50 சி என்றால் 250 ஆம்பியர் என்று அர்த்தம். அதை இணைத்திருக்கும் எக்ஸ்.டி.60 கனெக்டரோ 60 ஆம்பியருக்குச் செய்தது. ஒரே கொள்ளளவு போட்ட இரண்டு பேட்டரியைக் கையில் வைத்துப் பாருங்கள். கனமாக இருப்பதை எடுங்கள்.

எல்லாம் மாற்றியும் வேகம் கூடவில்லை

கன்ட்ரோலருக்கு உங்கள் ரிமோட்டின் முழு அழுத்தம் எது என்று இன்னும் சொல்லிக்கொடுக்கவில்லை. கன்ட்ரோலரோடு வந்த தாளில் உள்ளபடி டிரிகரின் நடு, முழு முன், முழு பின் மூன்றையும் பதிவு செய்யுங்கள். பிறகும் அப்படியே இருந்தால் பழைய நிக்கல் பேட்டரியோடு புது மோட்டாரைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் முதலில் லிப்போ, கூடவே கனெக்டர், அப்புறம் பேரிங், கடைசியில்தான் மோட்டார். லிப்போவின் 7.4 வோல்ட்டுக்கும் நிக்கலின் 7.2 வோல்ட்டுக்கும் பெட்டியில் பார்த்தால் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் மோட்டார் இழுக்கும்போது நிக்கல் தொய்ந்துவிடும், லிப்போ தொய்யாது. பழைய மோட்டாரே வேறு மோட்டார் மாதிரி ஓடும்.

போன வாரம் நன்றாக ஓடியது, இந்த வாரம் கரகரக்கிறது

கடற்கரையில் ஓட்டினீர்களா? அப்படியென்றால் உப்பு. இங்கே மணலில் ஓட்டாவிட்டாலும் கடல் காற்றே போதும், மொட்டை மாடி அறையில் வைத்த வண்டியின் ஸ்க்ரூ தலைகள் ஒரு மழைக்காலத்தில் சிவந்துவிடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஈரத்துணியால் உப்பைத் துடையுங்கள், மென்மையான பிரஷ்ஷால் மணலைத் தட்டுங்கள், காற்றடித்து உலர்த்துங்கள். பேரிங்கை வெளியே எடுத்து, உள் வளையத்தைப் பென்சில் முனையில் மாட்டி, வெளி வளையத்தைச் சுண்டிவிடுங்கள். நரநரவென்று விரலில் தெரிந்தால் மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. அப்படியும் நரநரத்தால் அதை எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள், மோட்டார் முனையில் உள்ள இரண்டு பேரிங்கையும் சேர்த்து.